பழைய மதர்போர்டில் குறைந்த செலவில் பிராசசரை மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

பழைய கணினியை வேகப்படுத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்த பிராசசரை வாங்கலாம் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். ஆனால் அந்தத் தேர்வின் பெரும்பகுதியை மதர்போர்டு முன்பே செய்து முடித்திருக்கும். அதன் சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்), சிப்செட் (போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்), பயாஸ் (கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்), பிராசசருக்கு மின்சாரம் தரும் சுற்று ஆகிய நான்கும் சேர்ந்து ஓர் எல்லையை வகுத்திருக்கின்றன. எவ்வளவு செலவழித்தாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. ஆகவே இந்த வழிகாட்டியில் பெட்டியைத் திறக்கும் கட்டம் பாதி வழிக்கு மேல்தான் வருகிறது.

மாற்ற வேண்டியது பிராசசர்தானா?

கணினி திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எந்தப் பகுதி நிரம்பி வழிகிறது என்று பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு, பிராசசர் 20 அல்லது 30 சதவீதத்தில் சும்மா இருந்தால், உங்களுக்குத் தேவைப்படுவது எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான சேமிப்பகம்). சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸை ஓட்டிக்கொண்டு பிராசசரை மாற்றினால், கணினி திறக்க ஆகும் நேரத்தில் ஏறக்குறைய எந்த வித்தியாசமும் தெரியாது. ரேம் முழுவதும் நிரம்பியிருந்தால் ரேமைக் கூட்டுவதே முதல் வேலை. ஒரே ஒரு ரேம் பட்டை மட்டும் செருகப்பட்டிருந்தால், அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்து இரட்டைச் சேனலாக்குவது மலிவான, பலன் தெரியும் மாற்றம்.

இவை இரண்டும் சரியாக இருந்தும், வேலை செய்யும்போது எல்லா கோர்களும் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) உச்சத்தில் நிற்கின்றன என்றால் மட்டும் மேலே படியுங்கள். இரண்டு கோர் பிராசசரிலிருந்து நான்கு கோர் பிராசசருக்குப் போகிறவர்களுக்குத்தான் பலன் மிக அதிகம். கோர் ஐ3-2100 இருக்கும் இடத்தில் கோர் ஐ7-3770 வந்தால் கணினியின் இயல்பே மாறிவிடும். கோர் ஐ5-2400 இருக்கும் இடத்தில் கோர் ஐ7-2600 வந்தால், வீடியோ மாற்றுவது போன்ற எல்லா கோர்களையும் பயன்படுத்தும் வேலைகளில் மட்டுமே வித்தியாசம் தெரியும். பின்னதற்குச் செலவழிக்க நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

இயங்குதளத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கேட்பது டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் பகுதி) வசதியையும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையையும், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையையும் அதற்குப் பிந்தையவற்றையும்தான். இன்டெலின் பழைய எல்ஜிஏ 1155, 1150 சாக்கெட் போர்டுகளில் எந்த பிராசசரைப் போட்டாலும் இந்த வரம்பைத் தொட முடியாது. லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல; விண்டோஸிலேயே இருக்க வேண்டியவர்கள் இதை மனத்தில் வைத்தே செலவைத் தீர்மானிக்க வேண்டும்.

போர்டின் அடையாளத்தைக் கண்டுபிடித்தல்

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளின் மெயின்போர்டு பக்கத்தில் தயாரிப்பாளர் பெயர், மாடல், சிப்செட், இப்போதுள்ள பயாஸின் பதிப்பு எண் ஆகியவை ஒரே இடத்தில் கிடைக்கும். லினக்ஸில் டிஎம்ஐடீகோட் கட்டளை இதே தகவலைத் தரும். மாடல் பெயரோடு நிறுத்திவிடாமல், போர்டின் ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வந்த ரிவிஷன் 1.0-க்கும் 2.0-க்கும் வெவ்வேறு பயாஸ் கோப்புகளும் வெவ்வேறு ஆதரவுப் பட்டியல்களும் இருப்பது வழக்கம்.

அடுத்து, தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் சிபியு ஆதரவுப் பட்டியலைத் தேடி எடுங்கள். இந்த முழு வேலையிலும் மிக முக்கியமான ஆவணம் அதுதான். அதில் ஒவ்வொரு பிராசசருக்கும் எதிரே, எந்த பயாஸ் பதிப்பிலிருந்து அது ஏற்கப்படுகிறது என்று ஒரு பத்தி இருக்கும். பிராசசரின் பெயர் பட்டியலில் இருக்கிறது என்பதோடு திருப்தி அடைந்து, அந்தப் பத்தியைப் பார்க்காமல் வாங்குபவர்கள்தான் கடைசியில் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார நேர்கிறது. முழுக் கணினியாக விற்கப்பட்ட அலுவலக மாடல்களில் இத்தகைய விரிவான பட்டியல் பல சமயம் கிடைக்காது. அந்த மாடல் விற்பனையில் இருந்தபோது எந்தெந்த பிராசசர்களோடு வந்தது என்பதே அங்கே நம்பத்தக்க எல்லை.

சாக்கெட் பொருந்தினால் போதுமா?

போதாது. இதற்கு நல்ல சான்று எல்ஜிஏ 1151. 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையும் அதை அடுத்த ஏழாம் தலைமுறையும் இந்த சாக்கெட்டில் 100, 200 வரிசை சிப்செட்டுகளோடு இயங்குகின்றன. 2017-இன் பிற்பகுதியில் வந்த எட்டாம் தலைமுறைக்கும் பெயர் அதே 1151-தான். சாக்கெட்டில் உட்காரவும் செய்யும். ஆனால் மின் இணைப்புகளின் ஒதுக்கீடு மாற்றப்பட்டதால் அதற்கு 300 வரிசை சிப்செட் தேவை. எச்110 போர்டுக்கு ஐ5-8400 வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

எல்ஜிஏ 1155-இல் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகள் இரண்டும் இயங்கும். எச்61 போன்ற 6 வரிசை போர்டுகளுக்கு மூன்றாம் தலைமுறை வேண்டுமானால் பயாஸ் புதுப்பிப்பு அவசியம். சில போர்டுகளில் அதோடு மேனேஜ்மென்ட் என்ஜின் ஃபர்ம்வேரையும் (சிப்செட்டுக்குள் ஓடும் இன்டெலின் தனி மென்பொருள்) மாற்ற வேண்டும். அதே வரிசையின் அலுவலக சிப்செட்டுகளான க்யூ65, க்யூ67, பி65 ஆகியவற்றுக்கு இன்டெல் அந்த ஆதரவை அதிகாரப்பூர்வமாகத் தரவில்லை. எல்ஜிஏ 1150-இல் எச்81, பி85 போர்டுகள் நான்காம் தலைமுறையோடு நின்றுவிடும்.

ஏஎம்டி பக்கத்தில் நிலைமை தாராளமானது. 2017-இல் முதல் ரைசனோடு பரவிய ஏஎம்4 சாக்கெட் போர்டுகளுக்கு 2022-இல் ரைசன் 5000 ஆதரவு வந்தது. ஏ320, பி350 போன்ற முதல் வரிசை போர்டுகளில் பலவும் இதில் அடங்கும். ரைசன் 3 1200 இருந்த இடத்தில் ரைசன் 5 5600 உட்காருவது, பழைய போர்டில் செய்யக்கூடிய பிராசசர் மாற்றங்களிலேயே மிகப் பெரிய தாவல்களில் ஒன்று. விண்டோஸ் 11 வரம்பும் அதோடு தீர்ந்துவிடுகிறது.

எல்ஜிஏ 775 போர்டு வைத்திருப்பவர்களுக்கு என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன்: கோர் 2 குவாட் யாராவது சும்மா கொடுத்தால் வாங்கிப் போடுங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்குத் தேவையான சில கட்டளைகளே அந்த பிராசசர்களில் கிடையாது. 945 வரிசை சிப்செட் போர்டுகளில் பெரும்பாலானவை நான்கு கோர் பிராசசரை ஏற்பதும் இல்லை.

மின்சாரம்: யாரும் பார்க்காத எல்லை

பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட் மின்சாரத்தை ஏறத்தாழ ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கி பிராசசருக்குக் கொடுக்கும் சுற்று, சாக்கெட்டின் ஓரத்தில் சிறிய கறுப்புச் சதுரங்களாகவும் சாம்பல் நிறச் சுருள் பெட்டிகளாகவும் வரிசையாகத் தெரியும். இதைத்தான் விஆர்எம் என்கிறோம். மலிவான போர்டுகளில் இந்தச் சுருள்கள் மூன்று நான்குதான் இருக்கும். மேலே ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு) எதுவும் இருக்காது. அத்தகைய போர்டு, பட்டியலின் உச்சியில் இருக்கும் பிராசசரை ஏற்று இயங்கத் தொடங்கிவிடும். ஆனால் பளு ஏறியதும் விஆர்எம் சூடாகி, பிராசசரின் வேகத்தை போர்டே கீழே இழுத்துவிடும். எட்டு கோர் எஃப்எக்ஸ்-8350, 125 வாட் பிராசசர். 760ஜி சிப்செட் கொண்ட எளிய ஏஎம்3+ போர்டுகளில் அதைப் போட்டு, வாங்கிய வேகம் கிடைக்காமல் போனவர்கள் பலர்.

ஆகவே ஒரே அளவு திறன் தரும் இரண்டு பிராசசர்களில் குறைந்த வாட் கொண்டதைத் தேர்ந்தெடுங்கள். கோர் ஐ7-2600 95 வாட், அதைவிடச் சற்று வேகமான ஐ7-3770 77 வாட். எச்61 போர்டுக்குப் பின்னதே பொருத்தம். ஏஎம்4-இல் அட்டையில் எழுதிய எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்: 65 வாட் என்று குறிக்கப்பட்ட ரைசன் உண்மையில் 88 வாட் வரையும், 105 வாட் என்று குறிக்கப்பட்டது 142 வாட் வரையும் இழுக்க அனுமதி உண்டு. ஏ320 போர்டில் 65 வாட் வகைக்கு மேல் போகாமல் இருப்பதே விவேகம். ரைசன் 7 5700எக்ஸ் எட்டு கோர்களோடு அந்த வரம்புக்குள்ளேயே கிடைக்கிறது.

பவர் சப்ளையின் வயதையும் பாருங்கள். பத்து ஆண்டுகள் ஓடிய, பெயர் தெரியாத ஒரு பவர் சப்ளையோடு புதிய பளுவைச் சேர்ப்பது, சேமித்த பணத்தை மொத்தமாகப் பணயம் வைப்பது.

எதை, எப்படி வாங்குவது

பட்டியலின் உச்சியில் இருக்கும் பிராசசரின் விலை பயன்படுத்தப்பட்ட சந்தையிலும் குறையாமல் நிற்கும். அந்த சாக்கெட்டுக்கு இனி வேறு வழியில்லாத அத்தனை பேரும் அதையே தேடுவதுதான் காரணம். அதற்கு ஒரு படி கீழே உள்ளவற்றில்தான் பணத்துக்கு ஏற்ற மதிப்பு கிடைக்கும். பெயரின் இறுதியில் 'கே' எழுத்து உள்ள இன்டெல் பிராசசர்களுக்கு ஓவர்கிளாக் (குறிக்கப்பட்டதைவிட வேகமாக ஓட்டும்) வசதிக்காகக் கூடுதல் விலை கேட்பார்கள். எச்61, எச்110 போன்ற போர்டுகளில் அந்த வசதியைப் பயன்படுத்தவே முடியாது என்பதால் அது வீண்.

சர்வர்களுக்காக விற்கப்பட்ட ஸியான் பிராசசர்கள் பலருக்குத் தெரியாத குறுக்குவழி. ஸியான் ஈ3-1240 வி2 என்பது நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை இழைகள்), 69 வாட், ஏறக்குறைய ஐ7-3770-தான். எல்ஜிஏ 1150-க்கு ஈ3-1231 வி3 அதே நிலையில் இருக்கிறது. சாதாரண டிடிஆர்3 ரேமோடு இவை இயங்கும். ஆனால் இவற்றில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது; தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர் இவற்றை வாங்கினால் திரையில் ஒன்றும் வராது. இந்தக் குடும்பத்தில் 1225, 1245, 1275 என்று 5-இல் முடிபவற்றில் கிராஃபிக்ஸ் உண்டு. ஏஎம்4 ரைசன்களில் 'ஜி' என்று முடிபவற்றில் மட்டுமே அது இருக்கிறது. ஸியானைத் தேர்ந்தெடுக்கும் முன் போர்டின் ஆதரவுப் பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

பயன்படுத்தப்பட்ட பிராசசரை வாங்குவதில் அச்சம் தேவையில்லை. கணினியின் பாகங்களில் மிக அரிதாகப் பழுதாவது அதுதான், போர்டும் பவர் சப்ளையும் அதற்கு முன்னால் போய்விடும். ஆனாலும் அது ஒரு கணினியில் இயங்குவதைக் காட்டும் காணொளியைக் கேளுங்கள். உலோக மூடியில் பொறித்திருக்கும் ஐந்தெழுத்துக் குறியீட்டைத் தேடிப் பாருங்கள். ஐ7-2600 என்றால் எஸ்ஆர்00பி என்றும், ஐ7-3770 என்றால் எஸ்ஆர்0பிகே என்றும் இருக்க வேண்டும். 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று பொறித்தவை சோதனை மாதிரிகள். எவ்வளவு மலிவாக இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள். ரைசன் ப்ரோ வகைகளை வாங்குவோர் இன்னொன்றையும் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்: முழுக் கணினி தயாரிப்பாளர் சிலரின் இயந்திரங்களில் ஓடியவை அந்தத் தயாரிப்பாளரின் போர்டுகளோடு நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கலாம், வேறு போர்டில் அவை துவங்காது.

கூலரின் விலையையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஐ3-யோடு வந்த மெல்லிய அலுமினிய கூலர் ஐ7-க்குப் போதாது. நடுவில் செம்புத் தண்டு உள்ள தடித்த வகையாவது வேண்டும். எல்ஜிஏ 1155, 1150, 1151 ஆகியவற்றின் கூலர் துளைகள் ஒரே 75 மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் கூலர்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம். 775-இன் இடைவெளி 72 மில்லிமீட்டர், அது சேராது.

பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்தல்

இந்த வரிசையை மாற்றக் கூடாது. புதிய பிராசசரை அடையாளம் காணத் தெரியாத பயாஸ், அதைப் பொருத்திய பிறகு திரையையே காட்டாது.

முதலில் பயாஸ் அமைப்புகளின் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். புதுப்பித்ததும் எல்லா அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். சாட்டா பயன்முறை (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கோ ரெய்டுக்கோ மாறினாலும், பூட் முறை (கணினி துவங்கும் முறை) லெகசியிலிருந்து யுஇஎஃப்ஐ-க்கு மாறினாலும் விண்டோஸ் திறக்காது. பலர் இதைப் பிராசசர் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். விண்டோஸின் பிட்லாக்கர் டிஸ்க் குறியாக்கம் இயங்குகிறதென்றால் மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வைத்துவிட்டு, குறியாக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். முக்கியமான கோப்புகளின் நகலைச் சொல்லவே வேண்டாம்.

தயாரிப்பாளரின் தளத்திலிருந்து, உங்கள் மாடலுக்கும் ரிவிஷனுக்கும் உரிய கோப்பை எடுத்து, ஃபேட்32 வடிவில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போட்டு, பயாஸுக்குள்ளேயே இருக்கும் புதுப்பிப்புக் கருவியின் மூலம் ஏற்றுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து ஏற்றும் மென்பொருள் இருந்தாலும், நடுவில் உறைந்துபோகும் வாய்ப்பு அங்கே அதிகம். சில போர்டுகளில் மிகப் பழைய பதிப்பிலிருந்து நேரடியாகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாது, இடையில் ஒரு பதிப்பை ஏற்ற வேண்டும். பதிவிறக்கப் பக்கத்தின் குறிப்பில் அது எழுதப்பட்டிருக்கும். ஏற்றும் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் போர்டு செயலிழக்கலாம் என்பதால் யுபிஎஸ் இருந்தால் அதில் இணைத்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்4 போர்டில் பழைய ஏ-வரிசை பிராசசர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பயாஸ் சிப்பில் இடம் போதாததால், ரைசன் 5000-ஐச் சேர்த்த சில பதிப்புகள் ஏ-வரிசையின் ஆதரவை நீக்கிவிட்டன. அந்தப் பதிப்பை ஏற்றிய மறுகணமே பழைய பிராசசரில் கணினி துவங்காது. ஆகவே புதிய பிராசசர் கைக்கு வந்த பிறகே ஏற்றுங்கள்.

பொருத்துதல்

கணினியை அணைப்பதற்கு முன் சில நிமிடங்கள் ஏதாவது பளுவான வேலையைக் கொடுத்து பிராசசரைச் சூடாக்குங்கள். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் (பிராசசரிலிருந்து கூலருக்கு வெப்பத்தைக் கடத்தும் பசை) சூட்டில் இளகும். அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தித் தேங்கிய மின்சாரத்தை வெளியேற்றி, பெட்டியின் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இன்டெலின் அழுத்திப் பூட்டும் கூலரில் நான்கு கால்களின் தலையிலும் அம்புக்குறி இருக்கும். அது கழற்றும் திசை. அந்தப் பக்கம் திருப்பி மேலே இழுத்தால் கால் விடுபடும். ஏஎம்4-இல் கூலரை நேராக மேலே இழுப்பது ஆபத்து: பிராசசரைப் பிடித்திருக்கும் பூட்டை மீறி, பேஸ்டில் ஒட்டிய பிராசசரும் கூடவே வந்து, ஊசிகள் வளைந்துவிடும். கொக்கியை விடுவித்த பின் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி தளர்ந்ததை உணர்ந்த பிறகே தூக்க வேண்டும்.

எல்ஜிஏ வகையில் ஊசிகள் சாக்கெட்டில் இருக்கின்றன. நெம்புகோலை விடுவித்து, பிராசசரை விளிம்புகளில் பிடித்து நேராக மேலே எடுங்கள். காலியான சாக்கெட்டின் மேல் விளக்கொளியைச் சாய்வாக விழச் செய்து பார்த்தால் ஊசிகள் எல்லாம் ஒரே சீராக மின்னும். ஏதாவது ஒன்று மட்டும் வேறு கோணத்தில் மின்னினால் அது வளைந்திருக்கிறது என்று பொருள். சாக்கெட்டின் மேல் எதையும் நீட்டாதீர்கள், ஊதாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள். புதிய பிராசசரின் மூலையில் உள்ள பொன்னிற முக்கோணத்தையும் விளிம்பின் வெட்டுகளையும் சாக்கெட்டோடு ஒப்பிட்டு, அதன் சொந்த எடையில் அமரும்படி வையுங்கள். அழுத்தவே கூடாது. நெம்புகோலை மூடும்போது மட்டும் கணிசமான விசை தேவைப்படும், லேசான கரகரப்பும் கேட்கும்; அது இயல்பு. ஏஎம்4-இல் பிராசசர் தானாக உள்ளே இறங்கவில்லை என்றால் திசை தவறு அல்லது ஊசி வளைவு. அழுத்துவது இரண்டுக்கும் தீர்வல்ல.

பழைய பேஸ்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடைத்துவிட்டு, பிராசசரின் நடுவில் பட்டாணி அளவுக்குப் புதிய பேஸ்டை வைத்தால் போதும்; கூலரின் அழுத்தம் அதைப் பரப்பிக்கொள்ளும். கூலரின் கால்களை அம்புக்குறிக்கு எதிர்ப்புறம் திருப்பி வைத்துக்கொண்டு, மூலைவிட்டமாக இரண்டிரண்டாக அழுத்துங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொடுக்கு கேட்க வேண்டும். போர்டின் பின்புறம் தெரிந்தால், நான்கு வெள்ளைக் கால்களும் முழுமையாக வெளியே வந்து விரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கால் மட்டும் பாதியில் நின்றிருப்பதுதான் பொருத்திய பின் வரும் அதிகச் சூட்டுக்குப் பொதுவான காரணம். விசிறிக் கம்பியை சிபியு ஃபேன் என்று குறித்த இடத்தில் இணைக்க மறக்க வேண்டாம்.

முதல் துவக்கமும் சோதனையும்

முதல் முறை கணினி ஓரிரு தடவை தானாக அணைந்து திறக்கலாம். ஏஎம்4-இல் ரேமைப் பழக்கிக்கொள்ள ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். பொறுத்திருங்கள். ஏஎம்4-இல் எஃப்டிபிஎம் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்) தரவை அழிக்கலாமா என்று திரையில் கேள்வி வந்தால், பிட்லாக்கர் மீட்புச் சாவி கையில் இருக்கும்போது மட்டும் சம்மதம் சொல்லுங்கள். திரை வரவே இல்லை என்றால் மின்கம்பியைப் பிடுங்கி, சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்துவிட்டு, ஒரே ஒரு ரேம் பட்டையோடு முயலுங்கள்.

பயாஸில் பிராசசரின் பெயர், மொத்த ரேம் அளவு, வெப்பநிலை மூன்றையும் பாருங்கள். ரேமில் பாதி காணாமல் போயிருந்தால் ரேமைச் சந்தேகிப்பதற்கு முன், சாக்கெட்டில் ஓர் ஊசி சரியாகத் தொடவில்லை என்றோ, கூலர் ஒரு பக்கமாக அழுத்துகிறது என்றோ கொள்ளுங்கள். ரேம் சேனல்களின் இணைப்பும் அந்த ஊசிகள் வழியாகவே போகிறது. பிறகு, படமெடுத்து வைத்த அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வையுங்கள்.

விண்டோஸில் சினிபெஞ்ச் சோதனையை அரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் வெப்பநிலையையும் கடிகார வேகத்தையும் ஒருசேரக் கவனியுங்கள். மூன்றாம் தலைமுறை ஐ7 80 டிகிரிக்குள் நின்றால் நன்று. அது 95-ஐத் தாண்டினால் கூலரைத் திரும்பப் பொருத்துங்கள். பிராசசரின் வெப்பநிலை சாதாரணமாக இருந்தும் வேகம் மட்டும் சில நிமிடங்களில் சரிந்தால் விஆர்எம் சூடாகிறது. அதன் மேல் காற்று படும்படி ஒரு சிறு விசிறியை வைப்பதோ, பயாஸில் அந்த வசதி இருந்தால் மின் வரம்பைக் குறைப்பதோ அதைத் தீர்க்கும்.

பழைய பிராசசரை உடனே விற்றுவிடாமல் சில வாரங்களாவது அதன் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருங்கள். புதியது ஏதாவது சிக்கல் கொடுத்தால், கோளாறு போர்டிலா பிராசசரிலா என்று பிரித்தறிய அதைத் தவிர வேறு கருவி வீட்டில் இருக்காது.